மேட்டூருக்கு அடியில் ஒரு மோட்டார்

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சி என்றதும் எல்லோரும் ராட்டினத்தையும் மரணக்கிணற்றையும் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி.

எண்பதுகளில், நான் ஆறாவது படித்தபோது. எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை. சம்பா அறுத்து நெல்லைப் போட்டு, கையில் நாலு காசு புரண்ட தை மாதம். மெட்ராஸில் அத்தை வீட்டுக்கு என்று அப்பா எங்களைச் சோழன் எக்ஸ்பிரஸில் ஏற்றினார். அப்போது மீட்டர்கேஜ். மாயவரம், சிதம்பரம், விழுப்புரம் என்று ஆடி அசைந்து எழும்பூர் போய்ச் சேர்வதற்குள் பொழுதே போய்விடும்.

மறுநாள் சாயங்காலம் தீவுத்திடல். சுற்றிலும் கூவம், காற்று திரும்பினால் மூக்கைப் பிடிக்க வேண்டும். அதற்கு நடுவில் நின்றுதான் டெல்லி அப்பளம் தின்றோம். என் முகத்தைவிடப் பெரிய அப்பளம், மிளகாய்த்தூள் பாதி சட்டையில்.

அரசுத் துறை அரங்குகளைச் சனங்கள் ஓட்டமாகக் கடந்து போவார்கள். அப்பா ஒன்று விடாமல் நின்று படித்தார், டிக்கெட் காசு வீணாகக் கூடாதே. பொதுப்பணித்துறை அரங்கில் மேட்டூர் அணையைச் சிமெண்டில் செய்து வைத்திருந்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., கட்டி முடித்தது 1934 என்று அட்டையில் எழுதியிருந்தது. மதகு வழியே நிஜத் தண்ணீர் விழுந்து, நீலமடித்த தடத்தில் ஓடி, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிந்தது. அதற்கப்புறம் வெறும் பச்சைப் பெயிண்ட்.

"நம்ம ஆறு எங்கப்பா?"

அப்பா பச்சையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். "இது அரசலாறு. இங்க நம்ம வயல்."

"பெரியவரே, கை வைக்காதீங்க" என்றார் அரங்கில் நின்றவர். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அந்தப் 'பெரியவரே'வை வீடு திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் குனிந்து மேசை விரிப்பைத் தூக்கினேன். கீழே அந்த வாளி. பச்சைக்குள் போன தண்ணீரெல்லாம் ஓட்டை வழியாக அதில் விழ, பக்கத்தில் ஒரு குட்டி மோட்டார் உறுமிக்கொண்டு, குழாய் வழியே மறுபடி மேட்டூருக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஜூன் 12 அணை திறப்பு, ஜனவரி 28 மூடல் என்ற எங்கள் ஊர்க் கணக்கெல்லாம் அந்த மேசையில் கிடையாது. ராட்டினத்துக்குக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்க மனசில்லை.

ஊருக்கு வந்து, மேட்டூருக்கு அடியில் மோட்டார் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்று அளந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். அந்த வருஷம் ஜூன் கடைசி வரைக்கும் ஆற்றில் மணல்தான் கிடந்தது. படித்துறையில் உட்கார்ந்திருந்த அப்பாயி என்னைப் பார்த்து, "ஏண்டா, அந்த மோட்டாரப் போடச் சொல்லி ஒரு கார்டு எழுதிப் போடேன்" என்றாள்.