உப்புவெளி வளவில் மரக்குற்றி அறை: முதலில் எதைக் கவனிப்பது?

உப்புவெளிவாசி:
திருகோணமலைக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் எங்கள் வளவில், வேப்பமரத்தை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மரக்குற்றி அறை அமைத்து, எழுதும் மேசையும் புத்தக அலுமாரியும் வைக்க விரும்புகிறேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் பைன் குற்றிகளால் சுவர் எழுப்ப எண்ணியுள்ளேன். கறையானும் மாரியும் உள்ள இந்த இடத்துக்கு அது ஏற்றதா?

தச்சுப்பட்டறை:
ஏற்றதுதான், ஆனால் மரம் நீளவாட்டில் அதிகம் அசையாது, குறுக்குவாட்டிலேயே சுருங்கும் என்பதால், குற்றிகளைக் கிடையாக அடுக்கிய சுவர் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் உயரம் குறைந்து, மாரியில் மீண்டும் ஊதும். ஆகவே கதவு, யன்னல் நிலைகளுக்கு மேலே ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, அதை மறைக்கும் பலகையைக் குற்றியில் மட்டும் அறையுங்கள். நிலையிலும் சேர்த்து அறைந்தால் சுவர் இறங்க முடியாமல் தொங்கி, குற்றிகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அலுமாரியைச் சுவரில் பூட்டும் துளைகளையும் மேல்கீழாக நீட்டி வெட்டுங்கள்.

கறையானுக்கு மருந்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்றரை அடி உயரச் சீமெந்துத் தூண்களின் தலையில், விளிம்பு கீழ்நோக்கி மடித்த தகரத் தட்டு வைத்தால், அதைச் சுற்றி ஏறும் மண்கூடு உடனே கண்ணில் படும்.

நிலாவெளியான்:
1964 டிசெம்பர்ச் சூறாவளியைக் கண்ட ஊர் இது. 2020 இல் புரெவிச் சூறாவளியும் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. தூண்மேல் நிற்கும் இலேசான அறையைக் காற்று தூக்கிவிடும் என்பதால், அத்திவாரக் கொங்கிறீற்றிலிருந்து கூரையைத் தாங்கும் வளை மரம் வரை நான்கு மூலைகளிலும் மரையிட்ட கம்பியை ஓட்டி, மேலே சுரை (நட்டு) போட்டு இறுக்குங்கள். மேலே சொன்னபடி சுவர் சுருங்கினால் அந்தச் சுரையும் தளரும். ஒவ்வொரு செப்டெம்பரிலும், மாரிக்கு முன், அதை இறுக்கியே ஆகவேண்டும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி கறள் பிடிக்கும், துருப்பிடிக்காத உருக்கே நல்லது. வேப்பமரத்தை ஒட்டிக் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன், கொப்பு முறிந்து விழுந்தால் கூரை தாங்காது.

உப்புவெளிவாசி:
மிக்க நன்றி. அறையை மரத்திலிருந்து தள்ளியே அமைக்கிறேன். கூரைக்குப் பைனுக்குப் பதிலாகப் பனை வளை போடலாமா?

தச்சுப்பட்டறை:
தாராளமாக. முற்றிய வைரமான பனையாகத் தேடுங்கள். பெண் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், அதனால் விற்பவரிடம் பத்திரம் கேட்டு வாங்குங்கள். இறவாரம் இரண்டடிக்குக் குறையாமல் இருக்கட்டும், அப்போதுதான் வாடைக்காற்றோடு வரும் சாரல் சுவரில் ஊறாது.