இந்த வருடத்து இண்டி ராக்: என் ஆறு தேர்வுகள் (2024)

கோரிமேடு_கேசட் (புதுச்சேரி) | டிசம்பர் 22, இரவு 9:40

வருடம் முடியப் போகிறது, இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத ராக்) பட்டியல் போட்டுவிடுகிறேன். முதல் இடத்தைத் தவிர மற்றவற்றுக்கு வரிசை கிடையாது.

முதலிடம் ஃபோண்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ஸ்டார்பர்ஸ்டர்'. டப்ளின் குழு. பாட்டு ஏப்ரலில் வந்தது, 'ரொமான்ஸ்' ஆல்பம் ஆகஸ்டில். பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் திடீரென்று பதற்றம் ஏறி மூச்சு முட்டியிருக்கிறது. அதிலிருந்து வந்த பாட்டு இது. பல்லவியில் அவர் வாயைத் திறந்து மூச்சை இழுக்கிற சத்தத்தையே தாளமாக வைத்திருக்கிறார்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நவம்பர் 30 இரவு எங்கள் வீட்டில் கரன்ட் இல்லை. ஜன்னல் கொக்கி ஆடாமல் இருக்கப் பழைய துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு, போனில் 18 சதவீத சார்ஜோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காதில் காற்று. அந்த மூச்சு இழுக்கிற இடம் வந்தபோது எது பாட்டு, எது வெளியே என்று ஒரு கணம் தெரியவில்லை. அதன்பிறகு இதை வேறு இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கப் பாடகர் எம்.ஜே. லெண்டர்மேனின் 'ஷீஸ் லீவிங் யூ'. செப்டம்பர் 6 அன்று வந்த 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' ஆல்பத்தில் உள்ளது. கிட்டார் அழுது முடித்துவிட்ட குரலில் பேசும்.

அமெரிக்கப் பாடகி வாக்ஸஹாச்சியின் 'ரைட் பேக் டு இட்'. லெண்டர்மேன் கூடவே பாடுகிறார். அடியில் ஓடும் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்துக்காகவே நூறு முறை கேட்டிருப்பேன்.

இங்லிஷ் டீச்சரின் 'ஆல்பர்ட் ரோடு'. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் குழு. பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கிற மெர்க்குரி பரிசு இந்த வருடம் இவர்களின் முதல் ஆல்பத்துக்கு. லண்டனுக்கு வெளியே ஒரு குழு அதை வாங்கி பத்து வருடம் ஆகியிருந்தது.

சிண்டி லீயின் 'கிங்டம் கம்', அப்புறம் டெல்லியிலிருந்து பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ.வின் 'பீட்டா' ஆல்பம் முழுவதும். ஒரு பாட்டை மட்டும் பிரித்தெடுக்க முடியவில்லை.

உங்கள் பட்டியலையும் போடுங்கள்.

முத்தியால்பேட்டை_மைக் (புதுச்சேரி) | டிசம்பர் 22, இரவு 10:15

அண்ணா, பிரிட்டிஷ் குழு தி க்யூரின் 'அலோன்' எங்கே? பதினாறு வருடம் கழித்து ஆல்பம் போட்டிருக்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் இசை, அதற்குப் பிறகுதான் ராபர்ட் ஸ்மித் குரல். அந்தக் காத்திருப்பை இன்றைக்கு வேறு யார் கேட்கிறவரிடம் எதிர்பார்க்கிறார்கள்?

கெடிலக்கரை (கடலூர்) | டிசம்பர் 22, இரவு 11:02

தம்பி, பட்டியலை முழுதாகப் படித்தேன். நீங்கள் கேட்கிற விதத்தில் உண்மை இருக்கிறது, அந்தப் புயல் ராத்திரி எனக்கும் தெரியும். ஆனால் டப்ளின், லீட்ஸ், டெல்லி எல்லாம் இருக்கிற பட்டியலில் ஒரு தமிழ்ப் பாட்டுகூட இல்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதல் மேடை ஏறியபோது நான் கூட்டத்தில் நின்றேன். பறை, கானா, எலக்ட்ரிக் கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில். பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. நம் மொழியில், நம் கோபத்தில் ராக் கிட்டார் நிற்கும் என்று அன்றைக்கு நம்பினேன். இத்தனை வருடம் கழித்து, தேடித் தேடிக் கேட்கிற உங்களைப் போன்றவர்களின் பட்டியலில் தமிழ் இல்லை என்றால், நாளைக்கு ஒரு பையன் தமிழில் பாட்டுக் கட்ட எதற்கு உட்காருவான்?

கோரிமேடு_கேசட் | டிசம்பர் 23, காலை 7:20

அண்ணா, நீங்கள் சொல்கிற கலெக்டிவ் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 2018. இந்த வருடம் என்னை அப்படி உலுக்கிய தமிழ் ராக் பாட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மொழிக்காக ஒரு பாட்டைச் சேர்த்தால் அது அந்தப் பாட்டுக்கே மரியாதை இல்லை. கிடைத்தால் லிங்க் கொடுங்கள், இன்றைக்கே கேட்கிறேன்.

முத்தியால்பேட்டை_மைக் | டிசம்பர் 23, காலை 8:05

'கட்சி சேர' இருக்கிறதே? ஜனவரியில் சாய் அபயங்கர் போட்டது. சினிமாப் பாட்டு கிடையாது, தனிப் பாட்டு. எங்கள் கல்லூரியில் அதைப் பாடாத ஆள் இல்லை.

கோரிமேடு_கேசட் | டிசம்பர் 23, காலை 8:30

நல்ல பாட்டு. ஆனால் அது பாப், ராக் இல்லை. அதோடு பின்னால் ஒரு பெரிய லேபிளின் (பாட்டை வெளியிடும் நிறுவனத்தின்) பிரிவு இருக்கிறது. 'இண்டி' என்று பெயர் வைத்துவிட்டால் இண்டி ஆகிவிடுமா?

மஞ்சக்குப்பம்_டிரம்மர் (கடலூர்) | டிசம்பர் 23, மதியம் 1:10

இங்கேதான் நான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. லேபிளை வைத்துத் தமிழ்ப் பாட்டைத் தள்ளுகிறீர்கள். சரி, அதே அளவுகோலை உங்கள் பட்டியலுக்கும் போடுங்கள். இங்லிஷ் டீச்சர் எந்த லேபிள்? ஐலண்ட். ஐலண்ட் யாருடையது? யுனிவர்சலுடையது. உலகத்திலேயே பெரிய இசை நிறுவனம். லீட்ஸ் பிள்ளைகள் யுனிவர்சல் பணத்தில் பாடினால் இண்டி, சென்னைப் பையன் லேபிளில் பாடினால் இல்லையா?

எக்ஸ்.எல். சுயேச்சை லேபிள்தான், ஆகவே ஃபோண்டெய்ன்ஸ் தப்பித்தார்கள். லெண்டர்மேனும் வாக்ஸஹாச்சியும் ஆன்டி லேபிள், அதுவும் பரவாயில்லை. உங்கள் ஆறில் உண்மையிலேயே தனியாக நின்றவர் சிண்டி லீ ஒருவர்தான். அவருடைய 'டயமண்ட் ஜூபிலி' ஆல்பம் மார்ச் கடைசியில் வந்தபோது ஸ்பாட்டிஃபையில் கிடையாது, ஆப்பிளில் கிடையாது. 32 பாட்டு, இரண்டு மணி நேரம், யூடியூபில் ஒரே நீளமாக ஏற்றியிருந்தார்கள். கோப்பு வேண்டுமென்றால் பழைய காலத்து வலைத்தளம் மாதிரி ஒரு பக்கத்துக்குப் போய், முடிந்ததைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அதை ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள்.

கோரிமேடு_கேசட் | டிசம்பர் 23, மாலை 6:45

ஐலண்ட் விஷயம் சரி. நான் அதை யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஆல்பர்ட் ரோடு' என் பட்டியலில் இருப்பது லேபிளுக்காக இல்லை. பாடகி லில்லி ஃபோண்டெய்ன் வளர்ந்தது கோல்ன் என்ற சின்ன ஊரில். ஆல்பர்ட் ரோடு அந்த ஊரின் கடைத்தெரு. பெரிய ஊர்க்காரர்கள் கண்டுகொள்ளாத ஒரு தெருவின் பெயர் அப்படியே ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குத் தலைப்பாக நிற்கிறது. அது முடியும்போது எனக்கு எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடை ஞாபகம் வருகிறது. ஒரு பாட்டு எந்த மண்ணிலிருந்து வந்தாலும் அதில் மண் இருந்தால் போதும் எனக்கு.

சிண்டி லீயைச் சுருக்கமாகச் சொன்னது தவறுதான். அந்தக் குரல் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் விலகும்போது வருவது போல மங்கலாக இருக்கும். முதல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை, மே மாதம் ஒரு மதியத்தில் பிடித்தது.

கெடிலக்கரை | டிசம்பர் 23, இரவு 9:50

தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோல்ன் ஊர்ப் பெண் அவள் ஊர்க் கடைத்தெருவைப் பாடினாள். நம்முடைய திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை யார் பாடினார்கள்? காலையில் அங்கே பூ மூட்டை இறங்கும், இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கி நிற்கும், ஹாரன் சத்தமே ஒரு தாளத்துக்கு வந்துவிடும். நான் இருபது வருடமாக அங்கே நின்றிருக்கிறேன். என் கேள்வி இதுதான்: பக்கத்துத் தெருவின் சத்தத்தைக் காதில் வாங்க ஆல்பர்ட் ரோடு வழியாகத்தான் சுற்றி வர வேண்டுமா?

என் கிட்டார் தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து நானூறு அடி தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் கம்பி மூன்று வாரம் தாங்காது. முதலில் மூன்றாவது கம்பியில் விரல் வழுக்காமல் சொரசொரக்கும், அப்புறம் துணியால் துடைத்தால் துணியில் பழுப்புக் கோடு விழும். புதுக் கம்பி வாங்கினால் ஒரு நாள் சம்பளத்தில் பாதி போகிறது. அந்தத் துருப்பிடித்த கம்பியில் ஒரு ஒலி வருகிறது, மந்தமாக, கடைசியில் ஒரு உரசலோடு. அது எந்த ஆல்பத்திலும் இல்லை. நான் தமிழ் கேட்பது மொழிப் பிடிவாதத்தில் இல்லை தம்பி, அந்த ஒலியை யாராவது பதிவு செய்ய வேண்டும் என்ற ஏக்கத்தில்.

லாஸ்பேட்டை_பேஸ் (புதுச்சேரி) | டிசம்பர் 23, இரவு 11:30

அண்ணா, நான் உங்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். நான் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டது இங்கிலீஷ் ஆல்பங்களிலிருந்துதான், எனக்குச் சொல்லித்தர வேறு யாரும் இல்லை. ஜூன் 21 இசை நாளில் பாண்டியில் தெருவெங்கும் பாட்டு. 1982-இல் பிரான்சில் ஆரம்பித்த வழக்கம், இங்கேயும் ஒட்டிக்கொண்டது. இந்த வருடம் நாங்கள் நாலு பேர் கடற்கரையில் வாசித்தோம். மூன்று அந்நியப் பாட்டு, ஒரு சொந்தப் பாட்டு. சொந்தப் பாட்டில்தான் ஒரு சுண்டல் விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி வரை நின்றார்கள். அந்த மூன்றை வாசித்துப் பழகாமல் நாலாவதை எங்களால் கட்டியிருக்க முடியாது. கேட்கிறவரைக் குறை சொல்லாதீர்கள்.

மஞ்சக்குப்பம்_டிரம்மர் | டிசம்பர் 24, காலை 10:20

கேட்கிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், இரண்டு நாளாக மனதில் கிடக்கிறது.

லெண்டர்மேன் ஊர் வட கரோலினா ஆஷ்வில். அவர் ஆல்பம் வந்து மூன்று வாரத்தில் ஹெலீன் புயல் அந்த ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்தது. இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் தொடக்கத்திலேயே, அந்த மாநிலத்தோடு தொடர்புள்ளவர்கள் 'கார்டினல்ஸ் அட் த விண்டோ' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதுவரை வெளிவராத 136 பாட்டுகள். லெண்டர்மேனும் கொடுத்தார், ஆர்.இ.எம். குழுவும் கொடுத்தது. பணம் முழுக்க வெள்ள நிவாரணத்துக்கு.

நமக்கும் அதே வருடம் அதே அடிதான். ஃபெஞ்சல் போன பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், தென்பெண்ணை கரை மீறியது. எங்கள் பயிற்சி அறையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் கழித்துக் கதவைத் தள்ளித் திறந்தோம். பேஸ் டிரம் கவிழ்ந்து கிடந்தது, பலகை ஊதி அடுக்கடுக்காகப் பிரிந்து, உள்ளே வண்டல். கையால் அள்ளினோம். ஒரு நத்தை இருந்தது. ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை மட்டும் மாடியில் வைத்திருந்ததால் பிழைத்தது.

அவர்களுக்கு 136 பாட்டு கிடைத்தது. நம்மிடம் எத்தனை இருந்திருக்கும்? கடலூரும் பாண்டியும் சேர்ந்து தேடினாலும் பத்து தேறாது. வெளிவராமல் பெட்டியில் கிடக்கிற பாட்டு என்று ஒரு ஊரில் நூறு இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் இண்டி என்று நான் நினைக்கிறேன். லேபிள் எல்லாம் அப்புறம்.

முத்தியால்பேட்டை_மைக் | டிசம்பர் 24, மதியம் 12:40

அண்ணா, இதைப் படித்துவிட்டு அந்தத் தொகுப்பைக் கேட்க உட்கார்ந்தேன். 'அலோன்' பற்றி இப்போது பேசத் தோன்றவில்லை. ஆனாலும் அது பட்டியலில் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

கோரிமேடு_கேசட் | டிசம்பர் 24, இரவு 8:15

டிரம்மர் அண்ணா, உங்கள் அறையைப் பற்றிப் படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை. பட்டியலை மாற்ற மாட்டேன், அந்த ஆறும் இந்த வருடம் என்னோடு நிஜமாக இருந்தவை. தலைப்பிலிருந்து 'இண்டி' என்ற வார்த்தையை எடுக்கலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை. சிண்டி லீ பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதுகிறேன். மைக், க்யூருக்கு இடமில்லை, அது ஏழாவது.

லாஸ்பேட்டை, அந்தச் சொந்தப் பாட்டை எங்கே கேட்கலாம்?

லாஸ்பேட்டை_பேஸ் | டிசம்பர் 24, இரவு 8:50

எங்கேயும் ஏற்றவில்லை. போனில் பதிவு செய்தது ஒன்று இருக்கிறது, அலைச் சத்தத்தில் பாதி வரி கேட்காது. இன்றைக்கு ராத்திரி அனுப்புகிறேன்.

கெடிலக்கரை | டிசம்பர் 25, காலை 6:10

எனக்கும் அனுப்பு தம்பி.

'ஸ்டார்பர்ஸ்டர்' நேற்று இரவு நாலு முறை கேட்டேன். அந்த மூச்சு இடம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது, கேசட். இன்னமும் சொல்கிறேன், பட்டியலில் தமிழ் இல்லாதது குறைதான். லாரன்ஸ் ரோட்டுக்கு என்னிடம் ஒரு பல்லவி மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. டிரம்மர், ஸ்னேர் மட்டும் போதும் என்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடிக்கு வாருங்கள். கம்பி மாற்றப் போவதில்லை.