விட்ஸ் சிவிடி கியர்பாக்ஸ்: திருத்துவதா, மாற்றுவதா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். வாகனம் 2008 டொயோட்டா விட்ஸ், 1000 சிசி, சிவிடி கியர் (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்). 138,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கராஜில் கியர் ஒயில் மாற்றினேன். பக்கத்தில் நிற்காமல் தேத்தண்ணீர் குடிக்கப் போனது என் பிழை. சிவிடி ஒயிலுக்குப் பதிலாகச் சாதாரண ஆட்டோ கியருக்கான சிவப்பு ஒயிலை ஊற்றிவிட்டார்கள். மூன்று கிழமை கழித்துத்தான் தெரிந்தது. சிவிடியில் உலோகப் பெல்ட் கப்பியைப் பிடித்துத்தானே ஓடுகிறது, ஒயில் மாறினால் அந்தப் பிடி வழுக்கும்.

இப்போது 20-40 வேகத்தில் வண்டி நடுங்குகிறது. பதுளைக்குப் போகும்போது லுணுகலை ஏற்றத்தில் ஆர்பிஎம் 4000 தாண்டியும் வேகம் ஏறவில்லை. சூடானபின் 'டி' போட்டால் இரண்டு செக்கன் பிந்தித்தான் பிடிக்கிறது. ரிவர்ஸில் பிரச்சினை இல்லை.

சரியான டிசி ஒயில் (டொயோட்டாவின் சிவிடி ஒயில், TC) வாங்கி இரண்டு தடவை வடித்து ஊற்றியாயிற்று. டோர்க் கன்வேர்ட்டருக்குள் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும், ஒயில் நிறைந்த பகுதி) பழையது கொஞ்சம் நிற்கும் என்பதால்தான் இரண்டாம் தடவை. நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். என்ஜின் மவுண்டும் மாற்றினேன், பலனில்லை. ஸ்கேன் பண்ணியதில் பிழைக் கோட் ஒன்றும் வரவில்லை. வடித்த ஒயிலில் மெல்லிய உலோகத்தூள் இருந்தது, துண்டு எதுவும் இல்லை.

ஒரு மெக்கானிக் பாஸ், வால்வ் பொடி (valve body, கியர்பாக்ஸுக்குள் ஒயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர்பாக்ஸ் எடுத்துப் போடச் சொல்கிறார்.

கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன், பெல்ட் தேய்ந்துவிட்டதா வால்வ் பொடிதான் கோளாறா என்று உறுதிசெய்ய என்ன சோதனை செய்யலாம்?