பொருள்: சட்டக் கலைச்சொல் பட்டியலில் 'யூஸ் இம்யூனிட்டி' – மன்னிப்பு வேண்டாம், பயன்விலக்கு

> அப்ரூவருக்கு 'மன்னிப்பு' என்றுதானே எழுதுகிறோம்? இதற்கும் அதுவே போதுமே.

போதாது ஐயா. நம் சட்டத்தில் மன்னிப்பு என்பது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் உடன் குற்றவாளிக்கு, அதாவது அப்ரூவருக்கு, உரியது (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 343). தெரிந்த உண்மை முழுவதையும் சொல்லிவிட்டால் அந்தக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்தே தப்பலாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1970 முதல் இருக்கும் யூஸ் இம்யூனிட்டியோ சாட்சியின் சொல்லை அவருக்கு எதிராகப் பயன்படுத்தாமல் காப்பது மட்டுமே; குற்றத்தை அது தொடுவதே இல்லை.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டிச் சாட்சி பதில் சொல்ல மறுக்கிறார். அரசு வழக்குரைஞர் அரசின் நீதி அமைச்சக மேலிடத்தின் ஒப்புதலோடு நீதிமன்றத்தில் ஆணை கேட்கிறார். இந்தச் சாட்சியம் தேவையா என்று நீதிபதி எடைபோட முடியாது. மனு முறைப்படி இருந்தால் ஆணை தர வேண்டும். அதன்பிறகும் வாய் திறக்காவிட்டால் அவமதிப்புக் காவல், அதிகபட்சம் 18 மாதம். பேசினால், சொன்னதையும் அதைப் பிடித்துப்போய்க் கண்டெடுத்ததையும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. பொய்ச்சாட்சி, ஆணையை மீறியது போன்ற வழக்குகளுக்கு மட்டும் இது பொருந்தாது. முற்றிலும் வேறு வழியில் சான்று கிடைத்தால் அதே குற்றத்துக்கு அவர்மேல் வழக்குப் போடலாம். இதைப் போய் மன்னிப்பு என்று எழுதினால் வாசகர் நேர் எதிராகவே புரிந்துகொள்வார்.

என் பரிந்துரை: யூஸ் இம்யூனிட்டிக்குப் 'பயன்விலக்கு'. குற்றத்துக்கே வழக்கு வராமல் காக்கும் டிரான்ஸாக்‌ஷனல் இம்யூனிட்டிக்கு 'வழக்குவிலக்கு'. நியூயார்க் மாநிலத்தில் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் சாட்சி சொல்பவருக்குப் பொதுவாகக் கிடைப்பது இந்த இரண்டாவதுதான். வரிவிலக்கு என்ற சொல் பழகியிருப்பதால் வழக்குவிலக்கு தானாகவே விளங்கும்.

> 'சாட்சியப் பாதுகாப்பு', 'பயன்தடை' இரண்டும் இன்னும் எளிதாக இல்லையா?

முதலாவது, 2018 முதல் நடப்பில் உள்ள சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தோடு குழம்பும். அது சாட்சியின் உயிருக்கும் உடைமைக்குமான காவல். நீதிமன்றச் செய்தியில் 'தடை' என்று கண்டாலோ யாரோ ஸ்டே வாங்கிவிட்டார்கள் என்றே படிப்பார்கள்.

> டெரிவேட்டிவ் எவிடன்ஸ்?

'வழிச்சான்று', அதாவது சாட்சி சொன்னதன் வழியாகக் கிடைத்த சான்று. இந்தச் சொல்லில்தான் கவனம் அதிகம் வேண்டும், வழக்குகள் கவிழ்வது இங்கேதான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் காஸ்டிகர் தீர்ப்பின்படி (1972), ஒவ்வொரு சான்றும் தனி ஊற்றிலிருந்து வந்தது என்று மெய்ப்பிக்கும் பாரம் அரசுத் தரப்புடையது. அதனால் சாட்சி பேசுவதற்கு முன்பே கைவசம் உள்ள சான்றுகளைத் தேதியிட்டு முத்திரை வைக்கிறார்கள்; அந்தச் சாட்சியத்தைக் கேட்காத வேறு குழுவிடம் வழக்கை ஒப்படைக்கிறார்கள். ஈரான்-கான்ட்ரா ஆயுத ஊழலில் சிக்கிய அமெரிக்கப் படை அதிகாரி ஆலிவர் நார்த்தின் வழக்கில் அரசு வழக்குரைஞர்கள் அவர் சாட்சியத்தைக் கேட்காமல் விலகித்தான் இருந்தார்கள். ஆனால் 1987இல் நாடாளுமன்றக் குழுமுன் பயன்விலக்கோடு அவர் பேசியது தொலைக்காட்சியில் ஓட, பிற சாட்சிகள் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது சொந்த நினைவா, திரையில் கேட்டதா? இதைப் பிரித்தறிய முறையான விசாரணை நடக்கவில்லை என்று 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆகவே 'வழிச்சான்று' விளக்கத்தில் ஆவணம், பொருள் என்று நிறுத்தாமல், பிறர் சாட்சியத்தில் ஏறிய தாக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: மூலத்தில் 'பிராசிக்யூட்டோரியல் இம்யூனிட்டி' என்று வந்தால் அது பெரும்பாலும் அரசு வழக்குரைஞர்மேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்ற காப்பைக் குறிக்கும். அவர் சாட்சிக்குக் கேட்டு வாங்கும் விலக்கு வேறு. முன்னதற்கு 'வழக்குரைஞர் பதவிக்காப்பு' என்று தனிப் பதிவு போடலாம்.