50 தாண்டினால் குதிகால் நரம்புக்குள் என்ன நடக்கிறது?

திருவெறும்பூர் ஷட்டில்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 53 வயசு. காலேஜ் காலத்துலேர்ந்து ஷட்டில் ஆடுறேன். போன தீபாவளிக்கு அப்புறம் இடது குதிகாலுக்கு மேல, பின்பக்கம் நாலு விரல் உயரத்துல ஒரு வலி. காலையில எழுந்து முதல் சில அடி வைக்கிறதுதான் கொடுமை. நடக்க நடக்க விட்டுடும். தடவிப் பார்த்தா வலது காலைவிட தடிப்பா இருக்கு. ஸ்கேன்ல கிழிசல் இல்ல, அகில்லஸ் தசைநாண்ல, அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போட இணைக்கிற நரம்புல, தேய்மானம்னு எழுதியிருந்தாங்க.

காட்டின இடத்துல, "வயசாகுதில்ல, ஆட்டத்தை விட்டுட்டு ஓய்வா இருங்க"ன்னுட்டாங்க. இருந்தேன். வலி போச்சு. மறுபடி கோர்ட்ல இறங்கின வாரமே வந்து உட்கார்ந்துகிச்சு.

எலும்பு தேயும், தசை இளைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். வயசானா இந்த நரம்புக்கு என்ன ஆகும்? திரும்பத் தேறுமா, இல்ல என் ஆட்டம் இத்தோட சரியா? சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், அதையும் சொல்லிடறேன்.

மதுரை பிசியோ:

சார், உங்கள் ஆட்டம் முடியவில்லை. நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுக்காரர்கள், எல்லாரும் இந்த "ஓய்வா இருங்க"வைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேச்சில் நரம்பு என்று சொன்னாலும் இது தசைநாண்தான். தசைநாணில் ஈரத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். தேங்காய் நார்க் கயிற்றில் நார் சேர்ந்து புரியாகி, புரிகள் சேர்ந்து கயிறாவது போல, கொலாஜன் இழைகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்ததுதான் அது. நடுவில் வரிசையாகச் சில செல்கள். ரத்த ஓட்டம் குறைவு. அகில்லஸில் குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதியில் அது இன்னும் குறைவு. நீங்கள் சொல்லும் நாலு விரல் உயரம் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது.

இந்தக் கொலாஜன் எத்தனை பழையது என்று டென்மார்க்கில் காட்யா ஹைனமையர், மைக்கேல் கேர் குழுவினர் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. 1955 முதல் 1963 வரை திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்களே, அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. சாப்பாட்டின் வழியாக அது எல்லார் உடம்பிலும் சேர்ந்தது. ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவைப் பார்த்தால் அந்தத் திசு எந்தக் காலத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். 2013-இல் வந்த முடிவு இது: அகில்லஸின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிகிறது. அதன் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. அதே ஆட்களின் தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அதாவது நீங்கள் காலேஜில் எந்தக் கொலாஜனை வைத்து ஆடினீர்களோ, அதை வைத்துத்தான் இன்றும் ஆடுகிறீர்கள். சர்க்கரை இங்கேதான் வந்து சேர்கிறது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை கொலாஜனில் தானாகவே ஒட்டி, பக்கத்து இழைகளுக்கு இடையே பிணைப்புகளை உண்டாக்கும். இது எல்லாருக்கும் நடப்பது, நீரிழிவு உள்ளவர்களுக்கு வேகமாக நடக்கும். பழைய கொலாஜனை அகற்றிப் புதியதை வைக்கும் வேலை நடக்காத இடத்தில், ஒட்டியது ஒட்டியதுதான். ஆகவே சார், ஷட்டிலைவிட முதலில் உங்கள் ஹெச்பிஏ1சி அளவை, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை, கவனியுங்கள். செல்களும் வயதோடு மெலிந்து சோம்பலாகின்றன, ஈரமும் குறைகிறது.

இவ்வளவும் கேட்டால் வயதானவர் தசைநாண் விறைத்துப்போயிருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் முதியவர்களை உட்காரவைத்து, காலை அழுத்தச் சொல்லி, அல்ட்ராசவுண்டில் அளந்த பல ஆய்வுகளில் அது இளையவர்களுடையதைவிடத் தளர்வாக, அதே இழுப்புக்கு அதிகம் நீள்வதாகவே தெரிந்தது. இதில் வயதின் பங்கு ஒன்று. சுமையே கொடுக்காமல் விட்டதன் பங்கு இன்னொன்று. இரண்டாவதை மாற்ற முடியும்! ரீவ்ஸ், நரிச்சி, மகனாரிஸ் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், எழுபதுகளில் இருந்தவர்கள் 14 வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் விறைப்பு 65 சதவீதம் கூடியது. தசைநாண் பருக்கவில்லை, அந்தப் பொருளின் தரம்தான் மாறியது. எழுபதில் முடிந்தது 53-இல் முடியாதா?

ஓய்வெடுத்தபோது வலி போனதற்குக் காரணம் சுமை இல்லாமல் போனது. தாங்கும் சக்தி அதனால் துளியும் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியும் இருக்கும். அந்தக் காலோடு நேரே ஸ்மாஷ் அடிக்கக் குதித்தால் வராமல் என்ன செய்யும்?

ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் சொன்ன முறை: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்குவது. முழங்கால் நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி அதேபோல். காலை மாலை இருவேளை, 12 வாரம். பலரால் இதைத் தொடர முடிவதில்லை. உங்களுக்கு நான் சொல்வது 2015-இல் டென்மார்க்கில் ஒப்பிட்டுப் பார்த்த இன்னொரு முறை: வாரம் மூன்று நாள் மட்டும், அதிக எடையோடு, ஏறுவதும் இறங்குவதும் நிதானமாக. பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. நடுவில் ஒரு நாள் இடைவெளி கிடைப்பது உங்கள் வயதுக்கு நல்லது. செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை எழுந்து வைக்கும் அடியில் வலி கூடியிருந்தால், எடையைக் குறையுங்கள். குதிப்பதெல்லாம் கடைசியில்தான். பக்கத்தில் உள்ள பிசியோவிடம் ஒருமுறை நேரில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நீலகிரி கால்நடை:

பிசியோ அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், பந்தயக் குதிரைகளோடு வெகுகாலம் இருந்தவன். குதிரையின் முன்னங்காலில் பின்பக்கமாக ஓடும் தசைநாணும் மனிதனின் அகில்லஸும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கால் ஊன்றும்போது நீண்டு ஆற்றலைச் சேர்த்து, கிளம்பும்போது திருப்பித் தருவது. இரண்டும் அடிபடுவதும் அதனால்தான்.

லண்டனில் ஹேசல் ஸ்க்ரீன் அம்மையார் குழு இந்தக் குதிரைத் தசைநாணைப் பிரித்துப் பார்த்திருக்கிறது. இளம் குதிரையில் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக வழுக்கிக்கொடுக்கின்றன. புரியை இழுக்கும் முன் அந்த வழுக்கலே கொஞ்சம் நீளத்தைக் கொடுத்துவிடும். வயதான குதிரையில் வழுக்கல் குறைந்துவிடுகிறது, ஆகையால் இழுப்பு சீக்கிரமே புரிமேல் விழுகிறது. அதே குதிரையின் முன்பக்கத் தசைநாணில், அதாவது ஓட்டத்தில் அத்தனை இழுபடாததில், இந்த மாற்றம் தெரியவில்லை. வயது எல்லாத் தசைநாணையும் ஒரே மாதிரி தொடுவதில்லை என்பது இதிலிருந்து எனக்கு விளங்கியது.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் ஓட விடுங்கள். 17 வயதுக்குள் கட்டுவதுதான் அடித்தளம் என்றால், பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடத்துவது பெரிய அநியாயம்.

தஞ்சை மகள்:

மேடம், நடுவுல கேக்குறேன், மன்னிச்சுக்கோங்க. அம்மாவுக்கு 71. விளையாட்டெல்லாம் கிடையாது. நடக்கையில தடுமாறுறாங்க, ஒருதடவை விழுந்தும் இருக்காங்க. அவங்களுக்கும் இது பொருந்துமா?

மதுரை பிசியோ:

மன்னிப்பெல்லாம் எதற்கும்மா, அம்மாவுக்குத்தான் இது ரொம்பப் பொருந்தும். நிற்கும்போது உடம்பு முன்னும் பின்னும் சற்றே ஆடிக்கொண்டே இருக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். தசைநாண் தளர்ந்திருந்தால் அந்தப் பிடி எலும்புக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். முதியவர்களில் கெண்டைக்கால் தசைநாணின் விறைப்புக்கும் நிலைதடுமாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதை 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. தடுமாற்றத்துக்குக் கண், காது, ரத்த அழுத்தம், மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. அதை முதலில் டாக்டரிடம் பாருங்கள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சுலபமானதும் ஒற்றைக் காலில்.

திருவெறும்பூர் ஷட்டில்:

மேடம், டாக்டர் சார், ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல. ரெண்டு சந்தேகம். அந்த இடத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டா சீக்கிரம் ஆடலாம்னு கிளப்ல சொல்றாங்க. அப்புறம், வலி தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

மதுரை பிசியோ:

ஊசி வேண்டாம் சார். அகில்லஸுக்குள் ஸ்டீராய்டு போட்டால் சில வாரம் வலி அடங்கும், தசைநாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

மாத்திரை விஷயத்தைக் கேட்டது நல்லது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2008-இல் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. 60 தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். சாப்பிட்டு முடித்து மாதங்கள் கழித்தும் வரலாம். உங்களுக்கு அதனால்தான் வந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இனி எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு அகில்லஸ் பிரச்சினை இருக்கு, இந்த வகை மருந்து தவிர்க்க முடியுமா"என்று நீங்களே கேளுங்கள்.

கோர்ட்டில் பின்னங்காலில் பட்டென்று சத்தம் கேட்டு, அந்தக் காலின் முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனால், ஐஸ் வைத்து வீட்டில் உட்காராதீர்கள். அன்றே எலும்பு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.