கருப்பட்டிக் கிடங்கு எந்த ஊரில்? சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரைக்காரர்கள் சொல்லுங்கள்

பனங்காட்டான் (சாயல்குடி) கேட்டது:

எங்கள் பக்கம் பங்குனியிலிருந்து ஆடி வரை பதநீர்க் காலம். அந்தச் சில மாதங்களில் காய்ச்சியதை அப்போதே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. மழை பிறந்தால் கருப்பட்டி கசிந்து ஒழுகும். அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் வைத்துக் காப்பாற்றலாம்தான், ஆனால் ஒரு குடிசைப் பரண் எவ்வளவு தாங்கும்? வைகாசியில் வியாபாரி சொல்வதே விலை. அதே சரக்கு கார்த்திகையில் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டால் வயிறு எரிகிறது.

மழைக்காலம் வரை சரக்கை நிறுத்தி வைக்க ஈரம் ஏறாத ஒரு பொதுக் கிடங்கு வேண்டும். எங்கள் ஊரால் மட்டும் அது ஆகாது. எங்களிடம் மரம் இருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வரும் கூட்டம் அங்கே இருக்கிறது. கீழக்கரையில் பணமும் வெளியூர்க் கடைத் தொடர்பும் இருக்கிறது. மூன்று ஊர்க்காரர்களும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். கிடங்கு எந்த ஊரில் என்ற முதல் கேள்வியிலேயே ஆளுக்கொரு திசையில் எழுந்து போய்விட்டார்கள். விலை, தரம், வண்டி வாடகை எதையும் தொடவே இல்லை.

இன்னொன்று. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கும் அதே ஆண்டுதான். எங்கள் கருப்பட்டி மட்டும் பெயரில்லாமல் சாக்கில் போகிறது. அதற்கு விண்ணப்பிக்கவும் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வேண்டுமாம். கிடங்குக்கே ஒன்றுகூடாத ஊர்கள் சங்கத்துக்கு எப்படிக் கூடும்? யோசனை இருப்பவர்கள் சொல்லுங்கள். "ஒற்றுமையாக இருங்கள்" என்று மட்டும் எழுதுகிறவர்கள் தயவுசெய்து அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

---

ஏர்வாடிக் கடைக்காரர்:

அண்ணாச்சி, கிடங்கு எங்கே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். சரக்கில் சர்க்கரை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தர்காவுக்கு வருகிறவர்கள் கருப்பட்டியை வாங்குவதற்கு முன் உடைத்துப் பார்க்கிறார்கள். உடைந்த பக்கம் பளபளவென்று மின்னினால் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன வருடம் வந்த ஒரு மூட்டையில் மேலே இருந்தது நல்ல சரக்கு, அடியில் இருந்தது சீனிப் பாகு. யார் வீட்டுச் சரக்கு என்று கேட்டால் கொண்டுவந்தவருக்கே தெரியவில்லை. பல வீட்டுச் சரக்கை ஒன்றாகக் கொட்டினால் அப்படித்தான் ஆகும்.

சிரட்டையில் ஊற்றும்போதே வீட்டுக்கு ஒரு குறி விழும்படி செய்யுங்கள். கோடோ புள்ளியோ போதும். குறை சொல்ல ஆள் தெரிந்தால் கலப்படம் தானாகக் குறையும். அப்புறம், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், உள்ளேயே வேர்க்கிறது. ஓலைக் கொட்டானில் வந்தால் வெளியூர்க்காரர்கள் கொட்டானுக்காகவே வாங்குவார்கள்.

---

கணக்கர் (ராமநாதபுரம்):

சாயல்குடி பேரூராட்சி, ஏர்வாடி ஊராட்சி, கீழக்கரை நகராட்சி. மூன்றும் மூன்று வகை அமைப்பு, மூன்று தனிக் கணக்கு. இவற்றைச் சேர்த்துத் திட்டம் போட அரசமைப்புச் சட்டமே மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் கைக்குப் போனதை மறக்க வேண்டாம். அந்த வழிக்காகக் காத்திருந்தால் பாளை காய்ந்துவிடும்.

உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யுங்கள். 2002-இல் கம்பெனிகள் சட்டத்தில் சேர்த்த ஏற்பாடு அது. 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம், ஊர் எல்லை தடையில்லை. ஒருவரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். ஆனால் உற்பத்தி செய்கிறவர்தான் உறுப்பினராக முடியும். ஏர்வாடிக் கடைக்காரரும் கீழக்கரை முதலாளியும் ஒப்பந்தம் போடலாம், ஓட்டுப் போட முடியாது. டீக்கடையில் நடந்த சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வரி: உதிரியாக விற்கும் கருப்பட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்கூட்டியே பொதிந்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான பொதிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் வந்தது. ஆளாளுக்கு விற்கும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்பை யாரும் தொடமாட்டீர்கள், ஒன்றாக விற்றால் தொடக்கூடும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கொட்டான்காரி (நரிப்பையூர் பக்கம்):

எல்லோரும் கிடங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். அதில் வைக்கப்போகும் சரக்கு யாருடையது? தை மாதம் மரத்துக்குப் பாளை கட்டும் முன்பே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுகிறார். அந்தப் பணத்தில்தான் கலயம், சுண்ணாம்பு, விறகு வாங்கி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவும் பார்க்கிறோம். வாங்கிய பிறகு நாங்கள் காய்ச்சுவது அவருடைய கருப்பட்டி. கார்த்திகை வரை நிறுத்திவைக்க எங்களுக்கு ஏது உரிமை? நீங்கள் பளிங்கிலேயே கட்டினாலும் அது காலியாகத்தான் கிடக்கும்.

பணம் இருக்கிறவர்கள் அதைச் செங்கல்லில் போடாமல் தை மாதம் எங்கள் கையில் கொடுங்கள். மரம் ஏறுவது ஆண்கள்தான் என்றாலும் வெயிலில் அடுப்படியில் நின்று பதம் பார்ப்பது நாங்கள். கணக்கரய்யா சொல்கிற 10 பேரில் காய்ச்சுகிறவர்கள் பெயரும் இருக்க வேண்டும். கொட்டான் முடைந்து தருகிறேன், ஆனால் கொட்டானுக்குத் தனி விலை.

---

கீழக்கரையிலிருந்து ஒருவர்:

தங்கச்சி சொன்னதுதான் சரி. என்னோடு இன்னும் சிலர் பணம் போடத் தயாராக இருக்கிறோம். வட்டிக்குக் கொடுக்க மாட்டோம், அது எங்களுக்கு ஆகாது. சரக்கை விற்ற பிறகு லாபத்தில் பங்கு, நட்டம் வந்தால் நட்டத்திலும் பங்கு. எழுதிக்கொள்வோம். புதுக் கட்டடம் வேண்டாம். பூட்டிக் கிடக்கும் பழைய பண்டகசாலை ஒன்று இங்கே வாடகைக்கு இருக்கிறது. கடல்காற்று நேரே அடிக்காத தெரு, மேல்தளம் ஒழுகாது. சாயல்குடியிலேயே இதைவிட நல்ல இடம் கிடைத்தால் அங்கேயே வையுங்கள், எனக்கு வருத்தமில்லை.

---

பனங்காட்டான் (சாயல்குடி):

பாய், பண்டகசாலையை வந்து பார்க்கிறேன். தரை சிமெண்டாக இருந்தால் பனஞ்சட்டம் போட்டுத்தான் அடுக்க வேண்டும், அடியிலிருந்து ஈரம் வாங்கும். முதல் வருடம் எல்லோரையும் இழுக்கப் போவதில்லை. வியாபாரியிடம் இன்னும் கை நீட்டாத வீடுகளை மட்டும் சேர்க்கிறோம், தை பிறக்கும் முன்பே பணம் வந்துவிட வேண்டும். பெயர், குறியீடு எல்லாம் ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு பார்க்கலாம்.

ஏர்வாடிக்காரரே, கொட்டான் அரைக் கிலோவுக்கா, ஒரு கிலோவுக்கா? தங்கச்சி ஓலை வெட்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்.