கொதிக்கக் கொதிக்க ஒரு தேநீர்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

தேநீரைச் சூடாகக் குடிக்கத்தான் நாம் எல்லோரும் விரும்புகிறோம். அந்தச் சூடு சுவையை என்ன செய்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தது, எங்கள் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் சுவைப்பு அறையில்தான். நீண்ட மேசையின்மேல் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை என்று நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, 6 நிமிடம் கழித்துச் சாற்றை வடித்தார்கள். சுவைப்பவர் கரண்டியால் முகந்து, வீட்டில் செய்தால் திட்டு விழும்படியான ஓசையோடு உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்குவரை ஏறும் என்றும், நாக்கைச் சுடும் பதத்தில் எதையும் மதிப்பிட முடியாது என்றும் அவர் விளக்கினார்.

முதலில் வடித்த கிண்ணங்கள் ஆறியபோது, செம்பொன்னிறமாக இருந்த சாறு மெல்லக் கலங்கி, துளி பால் விட்டதுபோல் ஆயிற்று. கெட்டுப்போய்விட்டதோ என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். தேயிலையின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான பொருள்கள் கஃபீனோடு சேர்ந்து, ஆறும்போது கரையாமல் பிரிவதால் அப்படிக் கலங்குகிறது என்றும், சாறு வளமாக இருப்பதற்கு அது நல்ல அடையாளம் என்றும் சொன்னார். குடிப்பதற்கு எனக்கென்னவோ தெளிந்த சூடான சாறுதான் பிடிக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் எடுக்கும் நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலை (பொடியாக்காமல் இலையை உருட்டிச் செய்யும் பழைய முறைத் தேயிலை) கிடைத்தால், தயவுசெய்து பாலைச் சேர்த்து அதன் மணத்தை மூடிவிடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

நீங்கள் சொல்லும் அந்தத் தெளிந்த சாறுதான் எங்கள் தோட்டங்களில் அன்றாடம் குடிக்கும் வெறுந்தேத்தண்ணி. இலங்கையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அந்த மலைகளைத் தேயிலையாக்கினார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையும் பறித்தவர்களின் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) அடுப்புக்கு வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் தரம் குறைந்த தூள்தான்.

என் பாட்டி பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன், இருட்டிலேயே கேத்தலை அடுப்பில் ஏற்றிவிடுவார். தேத்தண்ணியில் சீனி கலக்க மாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு குடிப்பார். 1970களில் சீனியைப் பங்கீட்டில் அளந்து கொடுத்த காலத்தில் இது சிக்கனம். சீனி தாராளமாகக் கிடைத்த பிறகும் அவர் விடவில்லை என்பதால் ருசியும்தான். நாக்கில் இனிப்பு கரைவதற்குள் சூடான துவர்ப்பு வந்து சேரும். கலக்கிக் குடித்தால் அந்த வேறுபாடு மழுங்கிவிடுகிறது என்பது நானே குடித்துப் பார்த்து அறிந்தது.

மலையில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைவு. கடல்மட்டத்தில் 100 டிகிரி என்றால், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் தூளை இன்னும் சற்று நேரம் ஊறவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஊர்க் கடைகளில் ஊறவைக்க நேரமேது? அதற்குத்தான் சி.டி.சி. தூள் இருக்கிறது. 1930களில் அஸ்ஸாமில் உருவான அந்த இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறுமணியாக்குவதால், சாறு விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும், பாலுக்கும் ஈடுகொடுக்கும். அதே காலத்தில் தேயிலை வாரியத்தார் ஊர் ஊராகச் சென்று, தேநீர் போடும் முறையைச் செய்துகாட்டி, இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். காப்பியில் ஊறிய ஊர்களில் அது எளிய வேலையாக இருந்திருக்காது.

நான் வழக்கமாக நிற்கும் கடையின் மாஸ்டர், பாய்லரில் வெந்நீர் பிடித்து, துணி வடிகட்டியில் இருக்கும் தூளின்மேல் ஊற்றி, சாறும் பாலும் சேர்ந்ததை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றுவார். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. மாஸ்டர் நான்கைந்து முறை ஆற்றினாலோ நுரையும் வந்துவிடும், அந்தச் சூடும் தணிந்துவிடும். பார்சல் வாங்குபவர்களுக்கு மட்டும் அவர் ஆற்றுவதில்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் எப்படியும் ஆறிவிடும் என்பது அவர் கணக்கு.